தண்ணீர் இறங்கிய பழைய குதிரை டிரெய்லர்: உட்புறத்தைச் சீர்செய்ய நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

வேலூரிலிருந்து அணைக்கட்டு போகும் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அங்கே இரண்டு மார்வாரி இனப் பெண் குதிரைகளை வளர்க்கிறேன். அவற்றைக் கூட்டிப்போக, இரண்டு குதிரை நிற்கும் பழைய டிரெய்லர் ஒன்றை பெங்களூர் பக்கம் வாங்கினேன். வெளியே பளபளவென்று இருந்தது. உள்ளே பல வருட மழைத் தண்ணீர் குடியிருந்திருக்கிறது. அதைப் பிரித்து, காயவைத்து, மறுபடி கட்டியதில் ஒரு கோடை முழுதும் போனது. அதிலிருந்து குதிரை வைத்திருப்பவர்களும் காளை வைத்திருப்பவர்களும் நிறையப் பேர் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு என் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

பழைய டிரெய்லரில் முதலில் எங்கே பார்க்க வேண்டும்?

தரையில். பெயின்டையும் டயரையும் அப்புறம் பார்க்கலாம். முதலில் ரப்பர் மேட்டைத் தூக்குங்கள். விற்பவர் "அது ஒட்டியிருக்கு, வராது" என்று சொன்னால் இன்னும் அவசியமாகத் தூக்குங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 400 கிலோ எடை நான்கு சின்னக் குளம்புகளின் மேல் நிற்கிறது. வண்டி வளைவில் சாயும்போது அந்த எடை இரண்டு குளம்புக்கே போகும். தரை உடைந்தால் குதிரையின் கால் நேராக ஓடும் ரோட்டில் இறங்கும். முன்னால் வண்டி ஓட்டுகிறவருக்கு அது தெரியவே தெரியாது. இதைவிடக் கொடுமையான சாவை என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை.

மேட்டைத் தூக்கியதும் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பலகையில் அரை அடிக்கு ஒரு குத்து குத்திப் பாருங்கள். நல்ல மரம் முனையைத் திருப்பி அனுப்பும். இற்றுப்போன மரம் உள்ளே வாங்கிக்கொள்ளும். சுத்தியலால் தட்டினாலும் தெரியும்: நல்ல இடத்தில் 'டங்' என்று கேட்கும், கெட்ட இடத்தில் 'தொப்'. சுவரோரம், நடுத் தடுப்பின் கால் பதியும் இடம், பின்கதவு கீல் ஓரம், இந்த மூன்றும்தான் முதலில் போகும். பிறகு கீழே படுத்து டார்ச் அடித்து அடிப்பக்கத்தையும் பாருங்கள். மேலே ஈரம் தெரியாத பலகை கீழே கறுத்துப் பஞ்சாகி இருக்கும்.

ஏறும் சாய்தளத்தை மறக்காதீர்கள். பெரும்பாலானவை இரண்டு தகட்டுக்கு நடுவே மரம் வைத்துச் செய்தவை. வெளியே ஒன்றும் தெரியாது. குதிரை முதல் காலை வைப்பது அதன் மேல்தான்.

மேலே புது பிளைவுட் அடித்து மூடிவிட்டால் போதாதா? பட்டறையில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

எனக்கு முன்னால் என் வண்டியை வைத்திருந்தவர் அதைத்தான் செய்திருந்தார். சுவரில் அழகான மெரூன் நிற ரெக்ஸின், பித்தளைத் தலை ஆணி எல்லாம் அடித்திருந்தது. இடது பக்கம் கீழ் மூலையில் மட்டும் ரெக்ஸின் லேசாக உப்பியிருந்தது. கட்டை விரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போனது. ஒரு ஆணியைப் பிடுங்கி ரெக்ஸினை இழுத்ததும் அதற்குள்ளிருந்து டீயில் ஊறிய ரஸ்க் போல ஒரு பொருள் கையில் கொட்டியது. அது ஒரு காலத்தில் 12 மில்லி பிளைவுட். அதற்குப் பின்னால் இருந்த இரும்புச் சட்டம் ஏடு ஏடாக உரிந்து வந்தது. ஒவ்வொரு ஏட்டுக்கும் நடுவே ஈரம். நான் பார்த்தது ஏப்ரல் மாதத்தில். கடைசி மழை பெய்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மூடினால் ஈரம் வெளியே போக வழி இருக்காது. பழைய அழுகல் புதுப் பலகைக்கு ஏறும், இரும்பு இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும். இன்னொன்று, மூடிய பிறகு யாராலும் சோதித்துப் பார்க்கவும் முடியாது. என் வண்டியை எனக்கு விற்றவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது. மூடிவைப்பதில் உள்ள ஆபத்தே அதுதான்.

தண்ணீர் எந்த வழியாக உள்ளே வருகிறது?

இரண்டு பக்கத்திலிருந்து வருகிறது: மேலே வானத்திலிருந்து, கீழே குதிரையிடமிருந்து. பலர் மேலே மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள்.

மேலிருந்து வருவது பெரும்பாலும் கூரைத் தகடுகள் சேரும் மடிப்பு, காற்றுப்போக்கியின் சுற்றுவிளிம்பு, ஜன்னல் ரப்பர், தளர்ந்த ரிவெட், மேலே சிவப்பு விளக்குக்கு ஒயர் போகும் ஓட்டை, இவற்றின் வழியாக. கறை தெரியும் இடமும் ஓட்டை இருக்கும் இடமும் ஒன்றாக இருக்காது. தண்ணீர் சட்டத்தின் மேல் நாலைந்து அடி ஊர்ந்துபோய், எங்கே இறங்க இடம் கிடைக்கிறதோ அங்கே இறங்கும். என் வண்டியில் கறை பின்பக்கம் இருந்தது. ஓட்டை முன் மூக்கில்.

கண்டுபிடிக்க எளிய வழி ஹோஸ் சோதனை. ஒருவர் டார்ச்சும் சாக்பீசும் எடுத்துக்கொண்டு உள்ளே உட்கார வேண்டும். கதவைச் சாத்திவிட்டு வெளியே இன்னொருவர் கீழிருந்து மேலாகத் தண்ணீர் பிடிக்க வேண்டும். முதலில் சக்கர வளைவு, பத்து நிமிடம். பிறகு ஜன்னல். கடைசியில்தான் கூரை. மேலே ஆரம்பித்தால் எல்லாம் சேர்ந்து ஒழுகும், எது எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. முதல் சொட்டு எங்கே வருகிறதோ அங்கே சாக்பீசால் குறியுங்கள். உள் பலகைகளைக் கழற்றிய பிறகு இதைச் செய்தால் நிஜமான ஓட்டை கண்ணில் படும்.

கீழிருந்து வருவது மூத்திரமும் கழுவும் தண்ணீரும். மேட்டின் அடியில் போய்த் தேங்கி, அங்கேயே வாரக்கணக்கில் நிற்கும். மழையைவிட மூத்திரம்தான் தரைக்குப் பெரிய எதிரி. அலுமினியத்தையும் அது விடாது.

ஓட்டையே இல்லாமலும் கூரையிலிருந்து சொட்டலாம். மார்கழி விடியற்காலையில் மூடிய வண்டிக்குள் இரண்டு குதிரை மூச்சு விட்டால், குளிர்ந்த தகட்டில் அந்த ஆவி வேர்த்துக் கொட்டும். அதற்கு வேண்டியது காற்றோட்டம். எத்தனை டியூப் அடைப்பான் பூசினாலும் அது நிற்காது.

வெள்ளத்தில் நின்ற வண்டி விலை குறைவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

நம் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு அர்த்தம் உண்டு. 2021 நவம்பரில் பாலாற்றில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டித் தண்ணீர் வந்தது. கரையோரம் நின்றவை எல்லாம் நனைந்தன. அப்படி நின்ற வண்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

உள் பலகைக்குப் பின்னால் ஒரே மட்டத்தில் மண் கோடு தெரிகிறதா, சேசிஸின் பெட்டிக் குழாய்க்குள் வண்டல் இருக்கிறதா என்று பாருங்கள். சக்கர பேரிங்கைக் கழற்றச் சொல்லுங்கள். கிரீஸ் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. குழாய்க்குள் மண் தங்கிய சேசிஸ் உள்ளிருந்து வெளியே துருப்பிடிக்கும். அதைச் சுத்தம் செய்ய வழியே இல்லை. நான் வாங்க மாட்டேன்.

எந்த மாதத்தில் ஆரம்பிக்கலாம்? எவ்வளவு நாள் காய வேண்டும்?

பங்குனி, சித்திரையில் ஆரம்பியுங்கள். வேலூர் வெயிலை எல்லோரும் திட்டுவார்கள். இந்த வேலைக்கு அதைப்போல ஒரு துணை கிடையாது. அக்னி நட்சத்திரத்தில் கதவையும் சாய்தளத்தையும் திறந்து போட்டால், திறந்திருக்கும் சட்டம் ஒரு வாரத்தில் சொட்டு ஈரம் இல்லாமல் காயும். ஐப்பசியில் ஆரம்பித்தவர்கள் பொங்கல் வரை தார்ப்பாயைப் போட்டு மூடிவைத்துக்கொண்டு கஷ்டப்படுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் புதுப் பலகையை அந்த வெயிலில் நேராகப் போடாதீர்கள். முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும். நிழலில், நடுவே ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) வைத்து அடுக்கிக் காயவிட வேண்டும்.

காய்ந்ததா என்று பார்க்க ஒரு வழி: ஒரு அடிக்கு ஒரு அடி பாலித்தீன் துண்டை மரத்தின் மேல் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டுங்கள். மறுநாள் காலையில் பாலித்தீனுக்குள் முத்து முத்தாக வேர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. என் வண்டியில் மிச்சம் வைத்த ஒரு பலகையில் ஒன்பதாவது நாள்தான் பாலித்தீன் சுத்தமாக இருந்தது.

பூஞ்சையும் மூத்திர வாடையும் போக என்ன செய்வது? பிளீச்சிங் பவுடர் போடலாமா?

இந்தப் பதிலைக் கவனமாகப் படியுங்கள். மூத்திரம் ஊறிய மரத்தின் மேல் பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ ஊற்றவே கூடாது. மூத்திரத்தில் வரும் அமோனியாவும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரமின் என்ற விஷவாயு வரும். மூடிய டிரெய்லருக்குள் நின்றுகொண்டு இதைச் செய்தால் நுரையீரல் போய்விடும். பிளீச்சோடு வினிகரையோ ஆசிட்டையோ கலந்தால் குளோரின் வாயு வரும். அதுவும் அதே ஆபத்து.

முதலில் அழுகியதை எல்லாம் வெட்டி எறியுங்கள். அழுகிய மரத்தைக் கழுவி எந்தப் பயனும் இல்லை. மிச்சம் இருப்பதைச் சோப்புத்தூள் தண்ணீரால் தேய்த்து, நிறைய நல்ல தண்ணீர் விட்டு அலசி, காயவிடுங்கள். வாடை மிச்சமிருந்தால் வினிகர் மட்டும் தெளித்துத் தேய்த்து மறுபடி அலசலாம். பூஞ்சையைக் காய்ந்த நிலையில் சுரண்டக் கூடாது. லேசாக நனைத்துவிட்டுத் துடைக்க வேண்டும். என்95 முகக்கவசமும் கையுறையும் கட்டாயம்.

குதிரைக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்? குதிரையால் வாயால் மூச்சு விட முடியாது. மூக்கு ஒன்றுதான் வழி. பூஞ்சைத் தூளும் அமோனியாவும் நேராக அதன் நுரையீரலுக்குப் போகும். நமக்கு லேசாக வாடை அடித்தால் நாம் வெளியே வந்துவிடுவோம். அது கட்டிப்போட்ட இடத்தில் நான்கு மணி நேரம் நிற்கும்.

அலசுகிற தண்ணீர் பற்றியும் ஒரு வார்த்தை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கங்களில் தோல் தொழிற்சாலைக் கழிவால் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பேறிக் கிடக்கிறது. அந்த போர் தண்ணீரில் கழுவினால் காய்ந்த பிறகு இரும்பில் வெள்ளையாகப் பூக்கும். துரு அங்கேதான் தொடங்கும். கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் பிடியுங்கள்.

இரும்புச் சட்டம் எவ்வளவு துருப்பிடித்தால் மாற்ற வேண்டும்?

வயர் பிரஷ் போட்டு, பிறகு சுத்தியலின் கூர்ப்பக்கத்தால் தட்டுங்கள். மேலே செதிலாக உதிர்ந்து அடியில் கெட்டி இரும்பு வந்தால் பிழைத்தது. முனை உள்ளே போனாலோ, ஓரம் தகடுபோல மெலிந்திருந்தாலோ வெட்டி மாற்ற வேண்டும். குறிப்பாகத் தரையைத் தாங்கும் குறுக்குச் சேனல்கள். அதில் ஒன்று சந்தேகமாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஓட்டையின் மேல் எம்-சீல் அப்பிப் பெயின்ட் அடிக்கும் வேலை குதிரை வண்டியில் வேண்டாம்.

வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகு துருமாற்றி, அதன் மேல் எபாக்ஸி பிரைமர், அதன் மேல் பெயின்ட். ரெட் ஆக்ஸைடு மட்டும் அடித்து விட்டால் அது ஈரத்தை ரொம்ப நாள் தாங்காது. அலுமினியமும் இரும்பும் நேராகத் தொடும் இடங்களில் நடுவே ரப்பர் பட்டையோ பிரைமரோ இருக்க வேண்டும். இல்லையென்றால் ஈரம் படும்போது அலுமினியம் வெள்ளை மாவாக அரிக்கும்.

பழைய பெயின்டைக் கிரைண்டரில் தேய்க்கும்போது தூள் குதிரைக் கொட்டகைப் பக்கம் போகக் கூடாது. பழைய பெயின்டுகளில் ஈயம் இருந்திருக்கலாம். குதிரை எதையும் நக்கிப்பார்க்கும்.

தரைக்குப் பலகையா, பிளைவுட்டா, செக்கர் பிளேட்டா?

பலகை. செக்கர் பிளேட் (மேலே புடைப்புக் கோடு போட்ட உலோகத் தகடு) வெயிலில் கொதிக்கும், நனைந்தால் வழுக்கும், லாடம் பட்டால் எழும் சத்தமே குதிரையை மிரட்டும். பிளைவுட்டில் நல்லது மெரைன் பிளை, அதன் மேல் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை இருக்க வேண்டும். அந்தத் தரத்துக்கு 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிப்பார்கள். வெறும் ஐ.எஸ். 303 என்று இருப்பது அதற்குக் கீழே. மெரைன் பிளை சுவருக்கு ரொம்ப நல்லது. தரைக்குப் போட்டால் தண்ணீர் வடிய இடுக்கு இருக்காது, ஒரு மூலை போனாலும் முழுத் தகட்டையும் மாற்ற வேண்டும். பலகையில் கெட்டுப்போன ஒன்றை மட்டும் உருவிவிடலாம்.

வேங்கை, சால் போன்ற கெட்டி மரத்தில் ஒன்றரை அங்குலக் கனம். மரவாடியில் கேட்கும்போது வைரம் பாய்ந்த (மரத்தின் கெட்டியான நடு) பகுதியாகக் கேளுங்கள். ஓரத்தில் வெளிறு (மரத்தின் வெளிப்புற மென்பகுதி) விட்டிருந்தால் அந்தப் பலகையைத் தள்ளிவையுங்கள். அழுகலும் கரையானும் முதலில் வெளிறைத்தான் தின்னும். எனக்கு அறுத்துக்கொடுத்த ஆசாரி ஒவ்வொரு பலகையின் முனையையும் நனைத்துப் பார்த்துத்தான் எடுத்தார். வெளிறு தண்ணீரை உடனே குடித்து மங்கிவிடும், வைரத்தில் ஈரம் மேலேயே நிற்கும் என்று காட்டினார்.

என் வண்டியின் உள்ளளவு 9 அடி நீளம், 5½ அடி அகலம். அதாவது 49½ சதுர அடி. ஒன்றரை அங்குலக் கனத்துக்கு 6.2 கன அடி மரம். சேதாரம் சேர்த்து 7 கன அடி வாங்கினேன். குறுக்குச் சேனல்களுக்கு நடுவே ஒன்றேகால் அடிக்கு மேல் இடைவெளி இருந்தால் நடுவில் இன்னொரு சேனல் வைத்து வெல்ட் செய்துவிடுங்கள். பலகைகளுக்கு நடுவே கால் அங்குலம் இடைவெளி விட வேண்டும், மூத்திரம் கீழே இறங்கிவிடும். ஆணி கூடாது. தலை பலகைக்குள் பதியும் போல்ட், துரு ஏறாதது. ஒவ்வொரு பலகையின் ஆறு பக்கமும், துளைக்குள்ளும்கூட, ஆளிவிதை எண்ணெய் இரண்டு மூன்று பூச்சு குடிக்கக் கொடுத்துவிட்டுப் பூட்டுங்கள்.

லாரிக்கு அடிப்பதுபோல் பழைய என்ஜின் ஆயில் அடிக்கச் சொல்வார்கள். வேண்டாம். வழுக்கும், ரப்பரை ஊதவைக்கும், குதிரைத் தோலில் பட்டால் புண் வரும்.

சுவரை எப்படிக் கட்டுவது?

கீழ் நான்கு அடிக்கு 18 மில்லி மெரைன் பிளை, அதன் மேல் உதை தாங்கும் ரப்பர். மேலே 9 மில்லி போதும். வெட்டிய ஓரங்களை எபாக்ஸியோ பி.யு. (பாலியூரித்தேன்) பூச்சோ கொண்டு அடைத்த பிறகுதான் பொருத்த வேண்டும். பிளைவுட் ஓரத்தின் வழியாகத்தான் தண்ணீர் குடிக்கும். பலகையின் அடி விளிம்பு தரையைத் தொடக் கூடாது, அரை அங்குலம் தூக்கி நிறுத்துங்கள். ஸ்க்ரூவில் பூட்டுங்கள், ஒட்டாதீர்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஒரு பலகையைக் கழற்றிப் பின்னால் எட்டிப்பார்க்க வழி இருக்க வேண்டும்.

எந்தத் தலையும் முனையும் வெளியே நீட்டக் கூடாது. குதிரைக்கு டெட்டனஸ் மற்ற கால்நடைகளைவிடச் சுலபமாகப் பிடிக்கும். உள்ளங்கையை விரித்துச் சுவர் முழுதும் ஒரு முறை தடவிப் பாருங்கள். உங்கள் கையில் கீறாதது அதன் தோலில் கீறாது. வேலையை ஆரம்பிக்கும் முன் நீங்களும் ஒரு டி.டி. ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

கூரை மடிப்புக்கு சிலிக்கான் போதுமா?

போதாது. வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் காயும்போது விடும் அமிலம் தகட்டை அரிக்கும். அதன் மேல் பெயின்டும் நிற்காது. அடுத்த முறை வேறு எதுவும் ஒட்டாது. பஸ் பாடி கட்டுபவர்கள் பயன்படுத்தும் பி.யு. சீலன்ட் வாங்குங்கள். ஜன்னல், காற்றுப்போக்கி இவற்றின் விளிம்புக்கு அடியில் பியூட்டைல் டேப். பழைய அடைப்பானை முழுதும் சுரண்டி எடுத்து, தின்னர் போட்டுத் துடைத்த பிறகுதான் புதிதைப் பூச வேண்டும். பழையதன் மேல் பூசியது ஒரு மழைக்குக்கூடத் தாங்காது.

நம் ஊர் வெயிலுக்குக் கூரையில் என்ன செய்யலாம்?

வெளியே வெள்ளை வெப்பத்தடுப்புப் பெயின்ட். உள்ளே தகட்டுக்கும் உள்கூரைக்கும் நடுவே தண்ணீர் குடிக்காத கெட்டி ஃபோம் பலகை. கிளாஸ் வூல் வேண்டாம். ஒரு முறை நனைந்தால் அது பிழிய முடியாத துணிபோல ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். காற்றுப்போக்கி குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், முன்னும் பின்னும் பார்த்து.

ரப்பர் மேட் எங்கே கிடைக்கும்? ஒட்டிவிடலாமா?

பால் மாடு வைத்திருப்பவர்கள் போடும் அதே மேட் போதும். நம் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. 17, 18 மில்லி கனத்தில் வாங்குங்கள். ஒட்டாதீர்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் பிறகு தூக்கி, சுவரில் சாய்த்து, தரையைக் கழுவிக் காயவிட வேண்டும். ஒரு மேட்டைத் தூக்க இரண்டு பேர் வேண்டும் என்பது உண்மைதான். இந்த ஒரு வேலையைச் சோம்பலில் விட்டதால்தான் என் வண்டியின் பழைய தரை போனது.

ஒயரிங்?

முழுதும் மாற்றிவிடுங்கள். தண்ணீர் இறங்கிய வண்டியில் ஒயர் மேலே நன்றாக இருந்தாலும் உள்ளே செம்பு பச்சை பூத்திருக்கும். எர்த் ஒயரைத் துரு நீக்கிய இரும்பில் பூட்டுங்கள். ஒயர் கூரைக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு கொடுத்தால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்ல வேண்டுமா?

பழைய தரை இருந்த இடத்தில் அதே மாதிரி தரை போடுவது பழுதுபார்ப்பு. ஆனால் பாடியின் நீளம், உயரம், அச்சு, சேசிஸ் இவற்றை மாற்றினால் அது வண்டியை மாற்றியமைப்பது பற்றிய, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுக்குள் வந்துவிடும், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பலர் கவனிக்காத ஒரு விஷயம் இடம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 125-இ என்ற விதி, ஒரு குதிரைக்கு 2.25 சதுர மீட்டர் இடம் கேட்கிறது. இரண்டு குதிரைக்கு 4.5. என் வண்டியின் 49½ சதுர அடி என்பது 4.6 சதுர மீட்டர், அதாவது நூலிழையில் தேறியது. உதை தாங்கட்டும் என்று இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் மெத்தை வைக்க ஆசைப்பட்டேன். கணக்குப் போட்டதில் 4.3-க்கு இறங்கிவிட்டது. அதனால்தான் மெல்லிய ரப்பரோடு நிறுத்திக்கொண்டேன். பலகை அடிக்கும் முன் உள்ளளவைப் போட்டுப் பாருங்கள்.

எங்களிடம் டிரெய்லர் இல்லை. காளையை மினி லாரியில் ஏற்றிப்போகிறோம். இதெல்லாம் பொருந்துமா?

முக்கால்வாசி பொருந்தும். தை, மாசியில் எருது விடும் விழாவுக்கு ஊர் ஊராகக் காளை போகும் வண்டிகளைப் பார்க்கிறேன். செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தைக்கு வரும் வண்டிகளையும் பார்க்கிறேன். மேலே வைக்கோல் பரப்பியிருக்கும். அதற்குக் கீழே தகடு ஓட்டையாகி, அதன் மேல் ஒரு பழைய தகரத்தைப் போட்டிருப்பார்கள். மஞ்சள் குங்குமம் வைத்து, பிள்ளைபோல வளர்த்த காளை அந்தத் தகரத்தின் மேல் நிற்கும். வைக்கோலை ஒதுக்கிவிட்டு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்கும் வேலை உங்களுக்கும்தான்.

திறந்த வண்டியில் கூரைப் பிரச்சினை இல்லை. அதற்குப் பதில் தரையில் தண்ணீர் தேங்காமல் வடிய வழி வேண்டும். பழைய தகட்டின் மேல் பலகை போடுவதானால் அடியில் ரீப்பர் கொடுத்துக் காற்றுப் போக விடுங்கள்.

செலவு எங்கே அதிகம்? எங்கே குறைக்கலாம்?

தரை மரம், வெல்டிங் கூலி, சீலன்ட், இவற்றில் ஒரு ரூபாய் குறைக்காதீர்கள். வெளிப் பெயின்ட், ஸ்டிக்கர், உள்ளே மெத்தை ஜோடனை, இவற்றை அடுத்த வருடத்துக்குத் தள்ளலாம். பிரிப்பது, சுரண்டுவது, கழுவுவது, காயவைப்பது, எண்ணெய் பூசுவது எல்லாம் வீட்டு ஆட்களே செய்யக்கூடியவை. வெல்டிங்கும் பிரேக்கும் தெரிந்தவர் கையில்.

பிரித்த பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறுக்குச் சேனல் போயிருந்தால், பக்கவாட்டு முதன்மைச் சட்டமும் இற்றிருந்தால், அந்த வண்டியை விட்டுவிடுங்கள். கொட்டகையில் தீவனம் வைக்கும் பெட்டியாக அது நன்றாக உழைக்கும்.

எல்லாம் முடிந்தது. உடனே குதிரையை ஏற்றலாமா?

பெயின்ட், சீலன்ட் வாடை முழுதும் போக இரண்டு வாரமாவது கதவைத் திறந்து வையுங்கள். நமக்கு வாடை தெரியாமல் போன பிறகும் அதற்குத் தெரியும். பிறகு மறுபடி ஒரு ஹோஸ் சோதனை, அரை மணி நேரம்.

அடுத்து, காலி வண்டியை ரோட்டில் ஓட்டிவிட்டு வந்து ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கிப் பாருங்கள். நான் வேலூரிலிருந்து ஆம்பூர் வரை நெடுஞ்சாலையில் போய்த் திரும்பினேன். பதினொரு போல்ட் தளர்ந்திருந்தது.

குதிரைக்கு இது புது வண்டி. தரை வேறு, சத்தம் வேறு, நிறம் வேறு. முதல் நாள் சாய்தளத்தில் கொள்ளு வைத்தேன். மூத்தது முன்னங்காலால் பலகையை மூன்று முறை தட்டியது, தலையைத் தாழ்த்தி நீளமாக மோந்தது, பின்வாங்கிவிட்டது. இழுக்கவில்லை. நான்காம் நாள் தானாக உள்ளே போய், முன்பக்க ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. கதவைச் சாத்தாமல் கால் மணி நேரம் அப்படியே விட்டேன். சின்னது அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மறுநாள் ஏறியது.